வலிக்கிறதா என்று கேட்கும் வேலை

திருச்சானூரில் மொட்டைத் தலையோடு போகும் குழந்தையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருமலையில் முடி காணிக்கை செலுத்திவிட்டு, பத்மாவதித் தாயாரைச் சேவிக்கக் கீழே வரும் குடும்பங்களின் ஊர் இது. கோயில் குளமான பத்ம சரோவரத்தைச் சுற்றிச் சந்தனம் பூசிய சின்னத் தலைகளை எந்த நாளும் பார்க்கலாம். அவற்றில் ஒன்றிரண்டு, கீமோதெரபி மருந்தில் முடி உதிர்ந்த தலையாகவும் இருக்கக்கூடும். சித்தூர், வேலூர், திருவள்ளூர் பக்கத்திலிருந்து நோயுற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேண்டுதலோடு வருகிறவர்கள் எப்போதும் உண்டு.

வேண்டுதலுக்கு வருகிற அதே பகுதிக்குத்தான் வைத்தியத்துக்கும் வருகிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, திருப்பதியில், 1995இல் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்ற ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. ஊர்க்காரர்கள் ரூயா ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2021இல் தொடங்கிய பத்மாவதி குழந்தைகள் இருதய மருத்துவமனையும், டாடா அறக்கட்டளைகளின் ஆதரவில் 2022இல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையும் வந்துவிட்டன. சித்தூர் வழியாக பஸ் ஏறினால் வேலூர் சி.எம்.சி. மூன்று மணி நேரத்துக்குள்.

இங்கெல்லாம் வரும் குழந்தைகளில் பலர் குணமாகி வீடு திரும்புகிறார்கள். சிலருக்கு நோய் குணமாவதில்லை. அல்லது ஆயுள் முழுவதும் கூடவே வருகிறது. அந்தக் குழந்தைக்கு ராத்திரி வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது, தூங்குகிறதா, தனக்கு என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியுமா, அம்மாவிடம் சொல்ல முடியாத பயம் ஏதாவது இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகின் பல்கலைக்கழகத் துறைகள் சிலவற்றில் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் கேர், அதாவது நோய்த்தணிப்பு மருத்துவம், அவர்களுடைய துறை.

பாலியேட்டிவ் என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர் கடைசி நாட்களை நினைத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1998இல் குழந்தைகளுக்காகத் தந்த வரையறை வேறு விதமாகச் சொல்கிறது: இந்தக் கவனிப்பு நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டும், நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்படும் சிறுமிக்கு வாய்ப்புண் வலியைக் குறைப்பதும் இதில் சேரும். தசைச் சிதைவு நோயால் படிப்படியாக நடையை இழக்கும் பையனுக்கும், கடுமையான மூளை முடக்குவாதத்தோடு பிறந்து பேச்சே வராத குழந்தைக்கும் பல ஆண்டுகள் துணை நிற்பதும் இதில் சேரும். 1982இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் சிஸ்டர் பிரான்சிஸ் டொமினிக்கா தொடங்கிய ஹெலன் ஹவுஸ்தான் உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ். அதற்கு முன்பு இப்படி ஓர் இடம் தேவை என்றே மருத்துவ உலகம் பெரிதாக எண்ணியதில்லை.

பிஞ்சுக்கு வலி தெரியாது என்ற காலம்

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட ஆராய்ச்சிகளில் ஒன்றைச் செய்தவர் ஓர் இந்தியர். இந்தூரில் மருத்துவம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு சென்றவர் டாக்டர் கே.ஜே.எஸ். ஆனந்த். 1980களின் தொடக்கத்தில் பச்சிளங்குழந்தைகளின் நரம்பு மண்டலம் முழுதாக வளரவில்லை, அதனால் அவற்றுக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது என்று மருத்துவர்கள் பரவலாக நம்பினார்கள். வலி மருந்து கொடுத்தால் பிஞ்சு உடம்பு தாங்காது என்ற பயமும் இருந்தது. ஆகவே குறைமாதக் குழந்தைக்கு இருதய அறுவை சிகிச்சை செய்யும்போதுகூட, அசையாமல் இருக்க ஒரு மருந்தும் லேசான மயக்க வாயுவும் மட்டும் தருவது வழக்கம். குழந்தை அசையவில்லை, அழவில்லை. வலி இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் போன குழந்தைகள் மிகவும் சோர்ந்து, நிலை மோசமாகித் திரும்புவதை வார்டில் கவனித்த ஆனந்த் ஒரு சோதனையைத் திட்டமிட்டார். இருதயத்தருகே மூடாமல் இருந்த ஒரு ரத்தக்குழாயைக் கட்டுவதற்காக வந்த 16 குறைமாதக் குழந்தைகள். எட்டுப் பேருக்கு வழக்கமான முறை. எட்டுப் பேருக்கு அதோடு ஃபென்டனில் என்ற வலுவான வலி நிவாரணி. பேச முடியாத அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் ஓடும் ஹார்மோன்களை அளந்து பார்த்தார்கள். வலி மருந்து கிடைக்காத குழந்தைகளுக்கு அட்ரினலின் போன்ற பதற்ற ஹார்மோன்கள் மிக அதிகமாக ஏறியிருந்தன. அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987இல் லான்செட் இதழில் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் பச்சிளங்குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையின் நடைமுறையை மாற்றத் தொடங்கியது. இன்று திருப்பதியிலோ சென்னையிலோ பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போது வலிக்கு மருந்து தருவது கேள்விக்கிடமில்லாத விஷயமாகிவிட்டது என்றால், அதற்குப் பின்னால் இந்தச் சின்ன ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆறு முகங்கள்

பச்சைக் குழந்தையிடம் ஹார்மோனைப் பார்க்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையிடம்? ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுப்பதே ஒரு வலி.

அதற்காகத்தான் முக அளவுகோல்கள் வந்தன. 2001இல் திருத்தி வெளியிடப்பட்ட ஒன்றில், ஒரு நீளமான அட்டையில் ஆறு முகங்கள் கோட்டுச் சித்திரமாக வரிசையில் இருக்கும். இடக்கோடியில் இருப்பது சாதாரண முகம். வலப்பக்கம் போகப் போகப் புருவம் நெரிந்து, கண் இடுங்கி, வாய் விரிந்துகொண்டே போகும். எந்த முகத்திலும் சிரிப்பு இல்லை, கண்ணீர் இல்லை. முதல் முகம் சிரித்தபடி இருந்தால், வலி இல்லாவிட்டாலும் சோகமாக இருக்கும் பிள்ளை அதைத் தொடாது. கடைசி முகத்தில் கண்ணீர் இருந்தால், 'நான் அழ மாட்டேன்' என்று வைராக்கியமாக இருக்கும் பிள்ளை உயிர் போகிற வலியிலும் அதைத் தொடாது. ஆகவே அட்டையைக் காட்டுகிறவர் சந்தோஷம், துக்கம் என்ற சொற்களையே உச்சரிக்கக் கூடாது. "இப்ப உனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு இதுல எந்த மூஞ்சி காட்டுது?" என்று மட்டும் கேட்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். குழந்தை முகத்தைப் பார்க்கிறது, நர்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.

பேச்சே வராத பிள்ளைகளுக்கு வேறு வழி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1997இல் உருவான ஃபிளாக் அளவுகோல், ஐந்து விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறது: முகம், கால்கள், உடம்பின் அசைவு, அழுகை, தூக்கிச் சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடம் இது சரியாக வேலை செய்யவில்லை. சிலருக்கு உடம்பு எப்போதும் விறைப்பாக இருக்கும். சிலர் வலித்தால் சிரிப்பார்கள். அதே பல்கலைக்கழகத்தின் ஷோபா மால்வியா குழுவினர் 2006இல் அதைத் திருத்தினார்கள். உங்கள் பிள்ளைக்கு வலி வந்தால் என்ன செய்வான் என்று பெற்றோரிடம் கேட்டு, அந்தக் குறிப்பை அளவுகோலிலேயே சேர்த்துக்கொள்ள இடம் வைத்தார்கள். 'வலி வந்தா இவன் காதைப் பிடிச்சு இழுப்பான்' என்று ஓர் அம்மாவுக்குப் பல வருஷமாகத் தெரிந்த விஷயம், அதன் பிறகு மருத்துவக் குறிப்பில் ஏறியது.

தெரிந்தும் தெரியாததுபோல

வலியை விடக் கேட்கச் சங்கடமான கேள்வி ஒன்று உண்டு. தான் பிழைக்க மாட்டோம் என்று குழந்தைக்குத் தெரியுமா?

மைரா புளூபாண்ட் லாங்னர் ஒரு மானுடவியலாளர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் ரத்தப் புற்றுநோய் வார்டில் மாதக்கணக்கில் இருந்து, மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளோடு விளையாடினார், வரைந்தார், அவர்கள் பேசுவதைக் கேட்டார். அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு ஆட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பெரியவர்கள் யாரும் பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. மருந்தின் பெயர், பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு என்ன ஆனது, டாக்டர் எப்போது வெளியே போய்ப் பேசுகிறார் என்பதையெல்லாம் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தெரிந்துகொண்டிருந்தார்கள். தெரிந்ததை அம்மா அப்பாவிடம் மறைத்தார்கள். பெற்றோர் பிள்ளைக்காக நடிக்க, பிள்ளை பெற்றோருக்காக நடித்தது. 1978இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறையில் நுழையும் ஒவ்வொருவரும் படிக்கும் நூலாயிற்று. பின்னாளில் அவர் லண்டனில் குழந்தைகள் நோய்த்தணிப்பு மருத்துவத்துக்கான பேராசிரியராகவும் ஆனார்.

நம்மூர் வார்டுகளில் "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், சின்னப் புள்ள, தாங்காது" என்ற வார்த்தையைக் கேட்காத குழந்தை மருத்துவர் இருக்க மாட்டார். அந்தக் கெஞ்சலில் இருப்பது அன்பு. அதைக் குற்றம் சொல்ல எந்த ஆராய்ச்சிக்கும் உரிமை இல்லை. ஆனால் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. சுவீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் உல்ரிகா கிரெய்க்பெரிஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசியதாகச் சொன்னவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூட, ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாதவர்களில் கேள்விக்குப் பதிலளித்த 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். பிள்ளைக்குத் தெரிந்திருந்தது என்று உள்ளூர உணர்ந்தும் பேசாமல் இருந்தவர்களுக்கே இந்த வருத்தம் அதிகம்.

சுவீடனின் முடிவைச் சித்தூரில் அப்படியே பொருத்த முடியாது. அங்கே வீட்டில் பெற்றோர் இருவரும் பிள்ளைகளும். இங்கே பாட்டி, சித்தப்பா, அத்தை என்று முடிவெடுப்பவர்கள் பலர். யார் சொல்வது, எப்போது சொல்வது, சாமி பேரைச் சொல்லிச் சொல்வதா என்பதெல்லாம் இங்கேயே ஆராய வேண்டியவை.

கோப்பில் இல்லாதவை

பாஸ்டனில் ஜோன் உல்ஃப் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் போனது. புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் 103 பெற்றோரிடம் பேசினார்கள். குழந்தைகளில் 89 சதவீதத்தினர் கடைசி மாதத்தில் ஏதாவது ஓர் உபாதையால் மிகவும் அவதிப்பட்டதாகப் பெற்றோர் சொன்னார்கள். அதே குழந்தைகளின் கோப்புகளை எடுத்துப் பார்த்தபோது, அம்மாக்கள் சொன்ன அசதி, பசியின்மை, மலச்சிக்கல் முதலியவை டாக்டர்களின் குறிப்பில் அவ்வளவாக இல்லை. அமெரிக்காவின் மிகச் சிறந்த மருத்துவமனைகளில் ஒன்றிலேயே நிலைமை இதுதான். முடிவைப் பார்த்து அந்த மருத்துவமனை தன் முறைகளை மாற்றிக்கொண்டது. 2008இல் அதே குழு மறுபடி ஆராய்ந்தபோது, வலியாலும் மூச்சுத் திணறலாலும் அவதிப்பட்ட குழந்தைகள் குறைந்திருந்தார்கள்.

மார்ஃபின் எட்டாத தூரத்தில்

2017இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகள் தணித்திருக்கக்கூடிய கடும் துன்பத்தோடு இறக்கிறார்கள். அவர்களில் 98 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வளரும் நாடுகளில். குறைந்த வருமான நாடுகளின் குழந்தைகள் அத்தனை பேருக்கும் வேண்டிய வலி மருந்துக்கு ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டாலர் போதும் என்றும் அதே அறிக்கை கணக்கிட்டது.

கடும் வலிக்கான மருந்தான மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபினியைச் சட்டப்படி பயிரிடும் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கவே பயந்தன. 1997இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 18 கிலோ அளவுக்குச் சரிந்தது. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, உரிம நடைமுறை எளிதாயிற்று. குழந்தைகளைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களுக்கு ஏற்ற திரவ மருந்து எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. மாத்திரையை உடைத்து, பொடித்து, எடைக்கேற்ப அளந்து தர வேண்டும். அதை அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

இந்தியாவில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் மேரி ஆன் முக்கடன் முக்கியமானவர். திருப்பதிக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஹைதராபாத்தில் இருக்கிறது. அங்குள்ள எம்.என்.ஜே. அரசுப் புற்றுநோய் மருத்துவமனையில் மயக்க மருந்தியல் நிபுணரான டாக்டர் காயத்ரி பாலட், குழந்தைகளுக்கான நோய்த்தணிப்புப் பிரிவை வளர்த்தெடுத்தார். கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவ ஆராய்ச்சியாளர் மீகன் டோஹர்ட்டி அவரோடு கைகோத்தார். சஞ்சீவ் அரோரா நியூ மெக்சிகோவில் கல்லீரல் அழற்சி சிகிச்சைக்காக 2003இல் தொடங்கிய எக்கோ என்ற இணையவழிப் பயிற்சி முறையை இவர்கள் குழந்தைகளின் நோய்த்தணிப்புக்குக் கொண்டுவந்தார்கள். தெற்காசியாவின் பல ஊர்களிலிருந்து டாக்டர்களும் நர்ஸ்களும் திரையில் கூடி, தங்கள் வார்டில் இருக்கும் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லி யோசனை கேட்பார்கள். பயிற்சி பெற்றவர்களின் அறிவும் தன்னம்பிக்கையும் எப்படி மாறின என்பதை அளந்து, ஆய்வுக் கட்டுரைகளாகவும் வெளியிட்டார்கள். சிகிச்சை, பயிற்சி, ஆராய்ச்சி மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடக்க முடியும் என்பதற்கு இது நம் பக்கத்துச் சான்று.

கேட்பதற்கும் அனுமதி வேண்டும்

பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சியைச் செய்கிறவர்களில் டாக்டர்கள் ஒரு பகுதிதான். நர்ஸ்கள், உளவியலாளர்கள், சமூகப் பணி படித்தவர்கள், புள்ளியியலாளர்கள் என்று பலர் உண்டு. அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி காகிதத்தில் நடக்கிறது. முதலில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். நோயுற்ற குழந்தையைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யலாமா என்று குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிகளின்படி, பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது. ஏழு வயது முதல் பன்னிரண்டு வரையுள்ள குழந்தையிடம் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும். அதற்கு மேல் பதினெட்டு வரையுள்ளவர்களிடம் எழுத்தில். "எனக்கு வேண்டாம்க்கா" என்று ஒரு எட்டு வயதுப் பெண் சொல்லிவிட்டால், அங்கேயே அட்டையை மூடி வைக்க வேண்டும்.

அடுத்தது மொழி. முக அட்டையை அச்சடித்துவிட்டால் ஆயிற்று என்று இருக்க முடியாது. ஆந்திர எல்லையில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் ஏராளம். கேள்வித்தாளை இரு மொழிகளிலும் எழுதி, வேறொருவரை வைத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதச் சொல்லி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பிறகு சில பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்து, புரியாத இடத்தைத் திருத்த வேண்டும். இதற்கே மாதங்கள் ஆகும்.

நேர்காணல் நாளில் அவசரமே கூடாது. கிரேயானும் காகிதமும் கொடுத்துவிட்டுக் கட்டிலருகே கீழே உட்கார வேண்டும்; நின்றுகொண்டு கேட்டால் குழந்தைக்கு அது டாக்டர் ரவுண்ட்ஸ். பிள்ளை களைத்தால் நிறுத்த வேண்டும். அழுதால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்பது முன்னமே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது நேர்காணலுக்குப் போகும்போது அந்தப் படுக்கையில் வேறொரு குழந்தை இருக்கலாம். புள்ளிவிவர அட்டவணையில் அதற்கு 'தொடர்பு விடுபட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு மறுநாள் வேலைக்கு வருவது எளிதில்லை. ஆகவே நல்ல துறைகளில் ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் மனச்சுமையை இறக்கி வைக்க வாரந்தோறும் மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குகிறார்கள்.

சித்தூருக்கு உரிய கேள்விகள்

இந்தப் பகுதியில் விடை காணக் காத்திருக்கும் கேள்விகள் சில உண்டு. பெரிய மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைக்கு, புத்தூரிலோ பலமநேரிலோ ராத்திரி வலி வந்தால் பெற்றோர் யாரைக் கூப்பிடுகிறார்கள்? எல்லை தாண்டி வேலூருக்குப் போகும் ஆந்திரக் குடும்பம் காப்பீட்டுத் திட்டத்துக்கும் பஸ் கட்டணத்துக்கும் நடுவே எதை விட்டுக்கொடுக்கிறது? நோயுள்ள பிள்ளையோடு அம்மா மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்க, வீட்டில் பாட்டியிடம் விடப்பட்ட அண்ணனின் படிப்பு என்ன ஆகிறது? நேர்ந்துகொண்ட வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு வந்த குடும்பத்திடம், நோய் குணமாகாது என்று எந்தச் சொற்களில் சொன்னால் அவர்களுடைய நம்பிக்கை நோகாமல் உண்மையும் போய்ச் சேரும்?

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நோய் ஆதரவுச் சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. அதன் பயனாளிகளில் பெரும்பாலோர் பெரியவர்கள். வீட்டுக்கு வரும் நர்ஸின் பையில் ஆறு முகங்கள் உள்ள ஓர் அட்டையும் இருந்தால், கணக்கில் வராத குழந்தைகளும் அதே பயணத்தில் கணக்கில் வருவார்கள். 2010இல் இந்திய மருத்துவ கவுன்சில் நோய்த்தணிப்பு மருத்துவத்தை எம்.டி. படிப்பாக அங்கீகரித்த பிறகு நிபுணர்களும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறார்கள். திருப்பதியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமும் ஒரு பெண்கள் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, சி.எம்.சி.க்குச் சித்தூரிலேயே ஒரு வளாகம் உண்டு. மேலே சொன்ன எந்தக் கேள்விக்கும் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. இந்த மருத்துவமனைகள் ஒரே படிவத்தை, தெலுங்கிலும் தமிழிலும், ஒவ்வொரு குழந்தைக்கும் நிரப்பத் தொடங்கினால், இரண்டு மூன்று ஆண்டுகளில் முதல் விடைகள் கைக்கு வந்துவிடும்.